போனைப் பறிக்காமல் ஒரு மாலை நேரம்: உப்புவெளியிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

உப்புவெளியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தார். மாலை ஆறரைக்குப் பிறகு வீட்டில் ஐந்து பேரும் இருக்கிறார்கள். கணவர் ஹோலில் போனோடு, பதினான்கு வயது மகன் அறைக்குள் போனோடு, ஒன்பது வயது மகள் டெப்போடு. தானும் குசினியில் சீனிப் போத்தலில் போனைச் சாத்திவைத்து எதையாவது பார்த்தபடிதான் சமைப்பதாக ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மாமி மட்டும் விறாந்தையில் ஒற்றைக் கதிரையில். ஒரு நாள் பிஸ்கட் டின் ஒன்றை எடுத்து எல்லோருடைய போனையும் அதற்குள் போட வைத்திருக்கிறார். மூன்றாம் நாளே சண்டை வந்து டின் அலுமாரிக்கு மேலே போய்விட்டது. ரியூசன் குரூப் செய்திகளும், கனடாவில் இருக்கும் மைத்துனர் வேலைக்குப் புறப்படுமுன் எடுக்கும் அழைப்பும் போனில்தான் வருகின்றன என்றும் சொல்லியிருக்கிறார். "தியானம், யோகா என்று சொல்லிவிடாதீர்கள். இவர்கள் எல்லோரோடும் ஒரு மணித்தியாலம் அமைதியாக இருக்க வழி இருக்கிறதா?" என்று முடித்திருக்கிறார்.

தங்கச்சி, உங்கள் கேள்வியை மூன்று தரம் வாசித்தேன். போனைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் என் மனதில் நின்றது அந்த ஒற்றைக் கதிரை. நீங்கள் கேட்பது போனை எப்படிக் குறைப்பது என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த வீட்டில் ஒருவர் இன்னொருவரிடம் வந்து ஒரு கதையைத் தொடங்குவதற்கு இடம் எங்கே போனது, அதை எப்படித் திருப்பி எடுப்பது என்றுதான் கேட்கிறீர்கள். அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் 2005 தொடக்கம் திருகோணமலை மாவட்டத்தில் உளவளத்துணை வேலை செய்து வருகிறேன். சுனாமிக்குப் பிறகு அவசரத்துக்குப் பயிற்சி எடுத்து இந்த வேலைக்கு வந்தவர்களில் நானும் ஒருவன். பயிற்சியில் சொல்லித் தந்தபடி இரண்டு கதிரையை எதிரெதிரே போட்டு, முகத்தைப் பார்த்து, ஆறுதலாகக் கேட்பேன். பெண்கள் ஓரளவு கதைத்தார்கள். கடலுக்குப் போகிற ஆண்கள் "ஓம்", "இல்லை", "பரவாயில்லை" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஒரு பின்னேரம் நிலாவெளிப் பக்கம் ஒருவரைத் தேடிப் போனபோது அவர் கரையில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். எழும்ப மனமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நானும் மணலில் இருந்து வலையின் மற்றத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். கால் மணித்தியாலம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ஊசியை ஒரு கண்ணிலிருந்து அடுத்த கண்ணுக்குக் கோத்துக்கொண்டே, அந்தக் காலையில் தன் கையிலிருந்து பிள்ளை நழுவியதைச் சொன்னார். சொல்லி முடியும்வரை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபது வருடத்தில் நான் கற்றதில் இதை முதலாவதாகச் சொல்வேன். நம்முடைய சனத்துக்குக் கை வேலையாக இருக்கும்போதுதான் வாய் திறக்கும். முருங்கையிலை உருவும்போது, நெத்தலிக்குத் தலை கிள்ளும்போது, பிட்டுக்கு மா குழைக்கும்போது. முகத்துக்கு முகம் பார்த்து "சரி, இப்போது கதையுங்கோ" என்றால் ஒருவருக்கும் வராது. உங்கள் பிஸ்கட் டின் தோற்றதற்கு ஒரு காரணம் அதுதான். போனை எடுத்துவிட்டீர்கள், அந்த இடத்தில் ஒன்றும் வைக்கவில்லை. ஐந்து பேர் டியூப் லைட்டுக்குக் கீழே வெறுங்கையோடு இருந்தால் நேர்முகப் பரீட்சை மாதிரித்தான் இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. வளர்ந்த மனிதனின் கையிலிருந்து ஒரு பொருளைப் பிள்ளைகளுக்கு முன்னால் வாங்கி வைத்தால் அவருக்கு அது அவமானமாகப் படும். மூன்றாம் நாள் வந்த சண்டை போனுக்காக வந்ததல்ல என்று நினைக்கிறேன்.

முன்பு இந்தக் கதைகள் எப்போது நடந்தன என்று யோசித்துப் பாருங்கள். யாரும் "கதைக்கும் நேரம்" என்று ஒதுக்கவில்லை. சோறு வேகும்வரை, பஸ் வரும்வரை, மழை விடும்வரை, கரண்ட் வரும்வரை. அதாவது சும்மா இருந்த நேரத்தில். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். கைக்குழந்தையை வைத்திருந்தவர்களும் சோதனைக்குப் படித்த பிள்ளைகளும் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை, அந்தக் காலம் திரும்பி வர வேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆனாலும் அதற்குப் பிறகு என்னிடம் வந்த பல குடும்பங்கள், கேட்காமலே, அந்த இரவுகளைப் பற்றி ஒரு ஏக்கத்தோடு சொன்னார்கள். போனில் இருந்த சார்ஜை அவசரத்துக்கென்று மிச்சம் பிடித்து அணைத்து வைத்தோம், முற்றத்தில் பாய் போட்டோம், நுளம்புத் திரியைக் கொளுத்தி வைத்தோம், அம்மம்மா இடம்பெயர்ந்த கதையை முதல் தரம் முழுதாகச் சொன்னார் என்று. போன் நம்மிடமிருந்து எடுத்தது இந்தச் சும்மா இருக்கிற நேரத்தைத்தான். ஐந்து நிமிட இடைவெளி கிடைத்தாலும் அதற்குள் போய் இருந்துகொள்கிறது.

இதில் உங்கள் கணவரின் மனவுறுதியையோ மகனின் குணத்தையோ குறை சொல்ல வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த பரிசோதனைகளில் கண்டது இது: கொத்தும் ஒவ்வொரு தடவையும் தானியம் கிடைக்கும் புறாவைவிட, எப்போது கிடைக்கும் என்றே தெரியாத புறாதான் விடாமல் கொத்திக்கொண்டிருக்கும். முகநூலும் டிக்டொக்கும் அதே ஒழுங்கில்தான் வேலை செய்கின்றன. அடுத்ததில் நல்லது வரலாம், வராமலும் போகலாம். புத்தகத்துக்கு ஒரு கடைசிப் பக்கம் இருக்கிறது, இவற்றுக்கு இல்லை. முடிவில்லாமல் உருண்டுகொண்டே போகும் அந்தத் திரையை 2006 இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின் பிறகு அதற்காக வருந்தி வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். அப்படிக் கட்டிய ஒன்றை ஒரு நாள் ரோசத்தில் வெல்ல முடியாது.

எது நிச்சயம், எது சந்தேகம் என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வட்ஸ்அப்பிலேயே இதைப் பற்றிப் பயங்காட்டும் செய்திகள் நிறைய வருகின்றன. கைக்குழந்தையின் முன்னால் தாயின் முகம் உணர்ச்சியில்லாமல் அசையாது நின்றால் குழந்தை கலங்கிப் போகும் என்பது உறுதி. 1970களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரொனிக் செய்த பரிசோதனை அது. குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் போடும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பல இடங்களில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தும் அதையேதான் கண்டார்கள். படுக்கையில் போன் இருந்தால் நித்திரை கெடும் என்பதற்கும் நல்ல ஆதாரம் உண்டு. ஆனால் போன் மேசையில் சும்மா இருந்தாலே மூளையின் வேலை குறையும் என்று 2017 இல் வந்த ஆய்வை நான் ஒரு காலத்தில் கூட்டங்களில் எடுத்துச் சொல்லியிருக்கிறேன், இப்போது சொல்வதில்லை. மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது எல்லோருக்கும் அந்த முடிவு கிடைக்கவில்லை. திரையால் பருவப் பிள்ளைகளின் மனநலம் நாசமாகிறது என்பதும் அப்படித்தான். 2019 இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் தரவுகளைப் பார்த்து, பிள்ளைகளின் நலத்தில் காணும் வேறுபாட்டில் கூடியது 0.4 வீதத்துக்கு மேல் இதோடு தொடர்புபடவில்லை என்றார்கள். வேறு ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை, வாதம் இன்னும் ஓயவில்லை. ஆகவே மகனிடம் "உன் மூளை பழுதாகப் போகிறது" என்று சொல்லாதீர்கள். அது உண்மையென்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, அவனும் நம்பமாட்டான். "உன்னோடு கதைக்க ஆசையாக இருக்கிறது" என்பது உண்மை. அதைச் சொல்லலாம்.

ஆய்வு இல்லாமல், என் கண்ணால் கண்டது ஒன்று. ட்ரொனிக்கின் பரிசோதனையில் முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்தக் குழந்தை செய்வதையே வயதானவர்களும் செய்கிறார்கள். உங்கள் மாமியும் முதலில் இரண்டு மூன்று தடவை எதையாவது சொல்லத் தொடங்கியிருப்பார். "ம்" என்ற பதில் வந்திருக்கும். பிறகு கதிரையை விறாந்தைக்கு நகர்த்தியிருப்பார். என் சொந்த வீட்டிலும் இது நடந்தது. என் மகள் தரம் 10 படிக்கும்போது ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், "அப்பா, இன்றைக்கு என்ன நடந்தது தெரியுமோ" என்று தொடங்கினாள். நான் போனைப் பார்த்தபடி "ம், சொல்லு" என்றேன். பத்து நிமிடம் கழித்து நிமிர்ந்து பார்த்தால் வாசற்படியில் அவளும் இல்லை, சப்பாத்தும் இல்லை. போய்க் கேட்டேன். "ஒன்றுமில்லை அப்பா" என்றாள். அது என்ன கதை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மற்றவர்களுக்கு ஆலோசனை சொல்கிற வேலையில் இருக்கும்போதே எனக்கு இது நடந்தது, அதனால் இந்த விடயத்தில் யாரையும் குற்றவாளியாகப் பார்க்க எனக்கு மனம் வராது.

சரி, என்ன செய்யலாம். ஒரு மணித்தியாலத்தை மறந்துவிடுங்கள், இருபது நிமிடத்தில் தொடங்குங்கள். இடம் மாமியின் விறாந்தை. ஹோலில் டிவியும் கணவரின் வழமையான கதிரையும் இருக்கின்றன, அங்கே பழைய பழக்கம்தான் வெல்லும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வீட்டுக்குள் புழுங்கும், அப்போது முற்றத்துக்கே இறங்கலாம். மாரிக்கு விறாந்தை போதும். கைக்கு வேலை வேண்டும். அடுத்த நாள் சமையலுக்கு வேண்டிய எதையாவது ஒரு சுளகில் கொண்டுபோய் மாமியின் மடியில் வையுங்கள், நீங்களும் பக்கத்தில் இருங்கள். மகளைக் கூப்பிடத் தேவையில்லை, ஒன்பது வயதுப் பிள்ளை தானாக வருவாள். வந்ததும் அவளுக்கும் ஒரு பிடி கொடுங்கள். வேலை மெதுவாக நடக்கும், நெத்தலி பாதி சிதையும், அதைத் திருத்தாதீர்கள்.

போனுக்கு டின் வேண்டாம். சார்ஜ் போடும் இடத்தை மட்டும் மாற்றுங்கள். எல்லாச் சார்ஜரையும் ஹோலில் ஒரே பிளக் பக்கம் கொண்டுவாருங்கள், படுக்கையறையில் ஒன்றும் இருக்கக்கூடாது. சார்ஜுக்குப் போட்ட போன் கையில் இருக்காது, அவ்வளவுதான். அது தண்டனையாகவும் தெரியாது. முதலில் போவது உங்களுடையதாக இருக்கட்டும். குசினியில் அந்தச் சீனிப் போத்தலில் இருந்து தொடங்குங்கள். இரண்டு கிழமைக்கு மற்றவர்களிடம் ஒரு சொல்லும் கேட்காதீர்கள். நான் பார்த்த வீடுகளில், பெரியவர் ஒருவர் தன் போனை முதலில் வைக்காமல் பிள்ளையின் போன் கீழே இறங்கியதில்லை. அப்புறம், ரியூசன் குரூப் என்று எழுதியிருந்தீர்கள். அதில் வருகிற செய்திகளில் உடனே பார்க்க வேண்டியது பத்தில் ஒன்றுகூட இருக்காது. குரூப்களின் சத்தத்தை நிறுத்திவிட்டு, அழைப்பு மணியை மட்டும் விட்டு வையுங்கள். அவசரம் என்றால் ஆசிரியர் அழைப்பு எடுப்பார்.

கனடாவில் இருக்கும் மைத்துனரின் அழைப்பு வேறு விடயம். அதைக் கவனச்சிதறல் கணக்கில் சேர்க்காதீர்கள். நம்முடைய ஊரில் பாதிக் குடும்பம் கடல் தாண்டி இருக்கிறது, அவர்கள் வீட்டுக்குள் வருகிற வாசலே அந்தத் திரைதான். அவர் வேலைக்குப் புறப்படுமுன் எடுப்பதாகச் சொன்னீர்கள். டொரொன்டோவில் கோடையில் காலை எட்டரை என்றால் இங்கே மாலை 6 மணி. நவம்பரில் அவர்கள் மணிக்கூட்டைப் பின்னால் தள்ளியதும் அதே எட்டரை இங்கே 7 ஆகிவிடும். அந்த அழைப்பு வந்தால் விறாந்தையில் இருந்து பேசும்படி கணவரிடம் சொல்லுங்கள். போனைச் சுவரில் சாத்தி வைத்து மாமியின் முகம் தெரியும்படி விடுங்கள். நெத்தலி கிள்ளிக்கொண்டே கதைக்கட்டும். தன் தாயின் கை வேலை செய்வதைப் பார்ப்பது அங்கே இருப்பவருக்குப் பெரிய விடயம். அழைப்பு முடிந்ததும் போன் சார்ஜுக்குப் போகட்டும், கணவர் கதிரையை விட்டு எழும்ப மறந்திருப்பார்.

மகனைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பதினான்கு வயதில் அவனுடைய நண்பர்கள் அந்தப் போனுக்குள்தான் இருக்கிறார்கள். 2020 இல் பள்ளிக்கூடங்கள் பூட்டியபோது அவனுக்கு ஒன்பது வயது இருக்கும், போனைக் கையில் கொடுத்து "இதில் படி, இதில் கூட்டாளிகளோடு கதை" என்று சொன்னவர்கள் நாங்கள்தான். இப்போது திடீரென்று அது குற்றமாகிவிட்டதென்றால் அவனுக்கு விளங்காது. அவனை விறாந்தைக்கு இழுக்காதீர்கள். அவனோடு நடவுங்கள். வெள்ளிக்கிழமையில் கோணேசர் கோயிலுக்குப் போவதாக எழுதியிருந்தீர்கள். கோட்டை வாசலில் ஓட்டோவை விட்டு இறங்கி, மற்றவர்களை முன்னே போகவிட்டு, அவனும் நீங்களும் அல்லது அவனும் தகப்பனும் அந்த ஏற்றத்தில் பின்னால் நடந்து வாருங்கள். மான்களைக் கண்டதும் படம் எடுப்பான், எடுக்கட்டும். பக்கத்தில் நடக்கும்போது முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, வலை பொத்துகிற மாதிரித்தான் அதுவும். கேள்வி கேட்காதீர்கள். உங்கள் பதினான்கு வயதில் நடந்த ஒன்றை நீங்கள் சொல்லுங்கள். ஐந்தாறு வெள்ளிக்கிழமை அவன் ஒன்றும் சொல்லமாட்டான். என் அனுபவத்தில் அதற்குப் பிறகுதான் ஏதாவது வரும், அதுவும் கீழே இறங்கி ஓட்டோவில் ஏறப் போகும் நேரம் பார்த்து வரும். அப்போது அவசரப்படாதீர்கள், டச்பே பக்கம் போய்க் கச்சான் கடலை வாங்கிக்கொண்டு மணலில் இருந்து கேளுங்கள்.

வேலைக்காகவோ அவசரத்துக்காகவோ போனைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால், என்ன பார்க்கிறீர்கள் என்று வாயால் சொல்லிவிட்டுப் பாருங்கள். "கரண்ட் பில் கட்டுகிறேன், இரண்டு நிமிடம்." முன்பு அப்பா பேப்பர் வாசித்தால் அது பேப்பர் என்று எல்லோருக்கும் தெரியும், பின்பக்கத்துச் செய்தியைப் பிள்ளையும் வாசிக்கும். போனைப் பார்க்கிறவர் எங்கே போயிருக்கிறார், எப்போது வருவார் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிவதில்லை. சொல்லிவிட்டுப் போனவருக்காகக் காத்திருக்கலாம். இது சின்ன விடயம்தான், ஆனால் நான் சொன்ன ஆலோசனைகளில் அதிகம் பேர் விடாமல் செய்வது இதைத்தான்.

எத்தனை நாளில் பழகும் என்று கேட்பீர்கள். 2010 இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் ஒன்றை வெளியிட்டார்கள். ஒரு புதிய செயல் தானாக நடக்கிற பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் எடுத்தது, ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வித்தியாசப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறினால் பெரிதாகக் கெடவில்லை என்பதையும் கண்டார்கள். அது தனி ஆட்களை வைத்துச் செய்த ஆய்வு. ஐந்து பேர் இருக்கும் ஒரு வீட்டுக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. மூன்றாம் நாள் முடிவெடுக்க வேண்டாம் என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

என் பதிலுக்கு ஒரு எல்லை உண்டு. சிலருக்குப் போன் பொழுதுபோக்கு, சிலருக்கு ஒளிந்துகொள்ளும் இடம். உங்கள் கணவர் கடனிலோ, வேலைப் பிரச்சினையிலோ, சொல்லமுடியாத துக்கத்திலோ இருந்து அதற்குள் போயிருந்தால் விறாந்தையும் நெத்தலியும் காணாது. மகனுடைய நித்திரை, சாப்பாடு, படிப்பு மூன்றும் ஒன்றாகக் குறைந்து, கூட்டாளிகளையும் விட்டு விலகினால் அது வேறு. வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் நான் மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம், முதலில் உதவி தேடுங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேட்டுப் பார்க்கலாம், அதற்குக் காசு இல்லை. தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கமான 1926 க்கு அழைத்துத் தமிழிலும் பேசலாம். உங்களை நான் நேரில் பார்க்கவில்லை, ஒரு பக்கக் கடிதத்தை வைத்து உங்கள் வீட்டை அளந்துவிட்டேன் என்று நினைக்கமாட்டேன்.

நாளைக்கே ஏதாவது செய்ய வேண்டும் என்றால், போனைத் தொடாமல், ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல், மாமியின் கதிரைக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரையைக் கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள். யாரும் இருக்காவிட்டாலும் அதை உள்ளே எடுக்காதீர்கள். இரண்டு கிழமை கழித்து, அதில் யார் முதலில் வந்து இருந்தார் என்று எழுதுங்கள்.